கட்டணம் வேண்டாம், மனையைக் கொடுக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரை நகரிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் உள்ள நிலங்களின் பயன்பாட்டை வேளாண்மையிலிருந்து குடியிருப்புக்கோ வணிகத்துக்கோ மாற்றக் கோரும் அறிவிப்புகள், சர்வே எண், கிராமத்தின் பெயர், பரப்பு ஆகியவற்றுடன் நாளிதழ்களின் உள்பக்கங்களில் அவ்வப்போது வெளியாகின்றன. பத்திர எழுத்தர் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்பதால் அவற்றை விடாமல் படிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பக்கத்து நிலத்துக்காரரையும் தரகரையும் தவிர வேறு எவரும் படிப்பதாகத் தெரியவில்லை. ஏழைக் குடும்பங்கள் இந்நகரில் எங்கே குடியிருக்கப் போகின்றன என்பது பெரும்பாலும் இந்த அறிவிப்புகளின் வழியாகவே முடிவாகிறது என்பதால், பயன்பாடு மாறும் நிலத்தில் ஏழைகளுக்குரிய பங்கைக் கட்டணமாக வாங்காமல் மனையாகவே வாங்க வேண்டும் என்பதை மாமன்ற உறுப்பினர்களின் கவனத்துக்குக் கொண்டு செல்லும் நோக்கில் இதை எழுதுகிறேன்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி, நிலப்பயன்பாட்டை மாற்றும் இறுதி அதிகாரம் மாநகராட்சியிடம் இல்லை. திட்டக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம், அரசு என்ற வழியில் அந்தக் கோப்பு செல்கிறது. ஆயினும் உள்ளாட்சி மன்றத்தின் தீர்மானம் அந்தக் கோப்பில் கேட்டு வாங்கி வைக்கப்படுகிறது. சாலையும் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் பின்னர் மாநகராட்சியின் பொறுப்பாகவே வந்து சேர்கின்றன. எனவே ‘ஆட்சேபம் இல்லை’ என்று தீர்மானம் போடும் மன்றம், எந்த நிபந்தனையோடு ஆட்சேபம் இல்லை என்பதையும் சேர்த்து எழுதலாம். அதைத் தடுக்கும் விதி எதுவும் இருப்பதாக நான் அறியேன்.

அந்த ஒரு மாற்றத்தின் மதிப்பு என்ன என்பதை எங்கள் தொழிலில் இருப்பவர்கள் நன்கு அறிவார்கள். நேற்றுவரை ஏக்கர் கணக்கில் விலை பேசப்பட்ட நிலம், பயன்பாடு மாறிய மறுநாள் சென்ட் கணக்கில் பேசப்படுகிறது. நில உரிமையாளர் அங்கே ஒரு செங்கல் கூட வைத்திருக்க மாட்டார். அரசின் ஒரு கையெழுத்தும், நகரம் அந்தப் பக்கம் வளர்ந்து வந்திருப்பதும் சேர்ந்து உண்டாக்கிய மதிப்பு அது. அதில் ஒரு பங்கை நகரம் திருப்பிக் கேட்பதில் அநியாயம் ஒன்றும் இல்லை. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதுரைக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முற்பட்டபோது, அந்த வேலையைச் செய்தவர்களுக்கே அந்த இடத்தை மனையாகக் கொடுத்தார். வெளி வீதிகளும், மேற்பார்வையிட்டவர்களின் பெயர் தாங்கிய மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படி உருவானவையே. பொதுவேலைக்கு ஈடாக நிலம் கைமாறுவது இந்த ஊருக்குப் புதிதன்று.

இப்போதுள்ள விதியிலேயே இதற்கு இடம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள மனைப்பிரிவில், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைப் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான மனைகளாக ஒதுக்க வேண்டும். ஆனால் மனைக்குப் பதிலாக, ஏழைகளின் வீட்டு வசதிக்கென அரசு வைத்திருக்கும் உறைவிட நிதிக்குரிய கட்டணத்தைச் செலுத்திவிட்டு நகர்ந்துகொள்ளவும் வழி வைக்கப்பட்டிருக்கிறது. பூங்காவுக்கான திறந்தவெளி ஒதுக்கீட்டில், 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பணம் கட்டித் தப்ப முடியாது; நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்கு ஒப்படைத்தே ஆக வேண்டும். பூங்காவுக்கு நிலமாகவே வேண்டும் என்று கண்டிப்புக் காட்டும் விதி, வீட்டுக்கு மட்டும் ரொக்கம் போதும் என்று இளகிக் கொடுப்பது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஐந்து ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாலைக்கு ஒன்றரை ஏக்கர் போய்விட்டது என்று வைத்தாலும், மீதி மூன்றரை ஏக்கரில் 10 சதவீதம் 35 சென்ட். குடும்பத்துக்கு ஒன்றரை சென்ட் வீதம் பிரித்தால் 23 மனைகள் கிடைக்கும். தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டி இரண்டு குடும்பம் வீதம் குடியமர்த்தினால் எண்ணிக்கை இரட்டிக்கும். கட்டணமாக வாங்கினால், அந்தத் தொகை மாநில அளவிலான நிதியில் சேர்ந்து, வேறெங்கோ, வேறெப்போதோ கட்டடமாகலாம். அந்த நிதியால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவனியாபுரத்திலோ ஆனையூரிலோ உயர்ந்த நில மதிப்பிலிருந்து பிடித்த பணம் அவனியாபுரத்திலோ ஆனையூரிலோ ஒரு குடும்பத்துக்கு இடம் வாங்கித் தர வேண்டுமானால், அந்நேரம் அங்கே மனை விலை அந்தப் பணத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். மிஞ்சுவது ஊருக்கு வெளியே கிடக்கும் புறம்போக்குதான்.

இன்னொன்றும் உண்டு. 10,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நாற்பத்தேழு சென்ட். ஒரே வரப்புக்குள் கிடந்த நிலம் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் அளவில் துண்டு துண்டாக, வெவ்வேறு பெயர்களில் மனைப்பிரிவாக வந்து நிற்பது சட்டப்படி குற்றமாகாது. ஆனாலும் அடுத்தடுத்த சர்வே எண்களைச் சேர்த்துப் பார்க்கும் ஒரு வழக்கத்தை மன்றம் ஏற்படுத்திக்கொண்டால், ஒதுக்கீட்டு எல்லைக்குக் கீழே நழுவும் நிலம் எவ்வளவு என்பதாவது வெளிச்சத்துக்கு வரும்.

இடம் எங்கே என்பதில் நான் இத்தனை அழுத்தம் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. குடிசை மாற்று வாரியமாக 1970-இல் தொடங்கப்பட்டு, 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்ட அமைப்பு, எல்லீஸ் நகரில் கட்டிய குடியிருப்பும் ராஜாக்கூரில் கட்டிய குடியிருப்பும் கட்டடம் என்ற அளவில் பெரிய வேறுபாடு உடையவை அல்ல. ஆனால் எல்லீஸ் நகரிலிருந்து பெரியார் பேருந்து நிலையத்துக்கு நடந்தே வந்துவிடலாம். கீழ மாசி வீதியில் மூட்டை தூக்குபவரும், அண்ணா நகரில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவரும், விடியுமுன் மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வந்து தெருவில் விற்பவரும் ராஜாக்கூரில் குடியேற்றப்பட்டால், வேலைக்குப் போகும் செலவும் நேரமும் வாடகையைப் போலவே மாதந்தோறும் வந்து நிற்கும். அங்கே வீடு பெற்ற சிலர் அதை உள்வாடகைக்கு விட்டுவிட்டு நகரத்துக்குள் மீண்டும் ஒண்டுக் குடித்தனம் வந்தால், அதைப் பேராசை என்று அதிகாரிகள் குறைகூறுவது சரியாகாது. உச்சப்பட்டி–தோப்பூர் துணைக்கோள் நகரம் அறிவிக்கப்பட்டுப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும், பக்கத்திலேயே எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டும், அது இன்னும் ஆட்கள் நிறைந்த ஊராகவில்லை என்பதும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. மதுரை மில் தொழிலாளர்களுக்காக ஹார்விபட்டியை உருவாக்கிய வெள்ளைக்கார முதலாளிகள் தருமவான்கள் அல்லர். ஆயினும் திருப்பரங்குன்றத்தை ஒட்டி, ரயில்பாதைப் பக்கமாக இடம் பார்த்தார்கள். சங்கு ஊதும் நேரத்துக்கு ஆள் வந்து சேர வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்கு இருந்தது.

கட்டணம் கூடாது, மனையாகவே தர வேண்டும் என்று நிபந்தனை போட்டால் மனை விலையெல்லாம் ஏறிவிடும், கட்டுமானத் தொழில் படுத்துவிடும் என்று ஓர் எதிர்வாதம் வரும். அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மனை வாங்குபவர்களில் பெரும்பாலோர் நடுத்தரக் குடும்பத்தினர். நகைக்கடனும் வங்கிக் கடனும் சேர்த்துத்தான் அவர்கள் பதிவு அலுவலகத்துக்கு வருகிறார்கள். ஆனால் பயன்பாடு மாறும் முன்பே நிபந்தனை தெரிந்திருந்தால், நிலத்தை வாங்கும் மனைப்பிரிவுத் தொழிலதிபர் அதைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். சுமையின் பெரும்பகுதி பழைய உரிமையாளருக்குக் கிடைக்கவிருந்த எதிர்பாராத லாபத்தின் மேல் விழும். நிபந்தனை பாதி வழியில் வந்தால்தான் அது மனை வாங்குபவரின் தலையில் ஏறும். எனவே ஒவ்வொரு கோப்பிலும் புதிதாகப் பேரம் பேசாமல், முன்கூட்டியே ஒரே பொதுத் தீர்மானமாக மன்றம் இதை நிறைவேற்றி அறிவித்துவிட வேண்டும். ஆளுக்கொரு நிபந்தனை என்பது வேறுவகைப் பேரங்களுக்கும் கதவு திறந்துவிடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஏழைகளுக்கு வீடு என்ற பெயரில் எந்த நஞ்சையையும் எந்த ஆயக்கட்டையும் மாற்றிவிடலாம் என்று என் கருத்தை எவரும் திரித்துக்கொள்ள வேண்டாம். 2011-இல் திருப்பரங்குன்றம், ஆனையூர், அவனியாபுரம் நகராட்சிகளும், பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் இணைக்கப்பட்டு, 72 வார்டுகள் 100 ஆகி, மாநகராட்சியின் பரப்பு ஏறத்தாழ 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 சதுர கிலோமீட்டரானது. அப்படி உள்ளே வந்த பகுதிகளில் கண்மாயும் வாய்க்காலும் மடையும் நிறைய. 2024 அக்டோபர் 25-ஆம் தேதி பெய்த மழையில் செல்லூர்ப் பகுதித் தெருக்களில் புகுந்த தண்ணீர், கண்மாய் நிரம்பி பந்தல்குடி வாய்க்காலில் அடங்காமல் வந்த தண்ணீர். மழைக்காலத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும் பள்ளத்தில் விலை மலிவாக இருக்கும். மலிவாக இருப்பதால் ஏழைக்கு அதுதான் அமையும். ஒதுக்கீட்டு மனைகள் அதே மனைப்பிரிவுக்குள், மற்ற மனைகளுக்குச் சமமான மட்டத்தில், அதே தார்ச்சாலையில் இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிடுவது நல்லது. இல்லையென்றால் மூலையில் ஓடையை ஒட்டிய துண்டுதான் ‘நலிந்த பிரிவுக்கு’ என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டப்படும்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் பதிவான மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் 2017-இல் வந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்ட, சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி பெறும் முறை 2024 ஜூலையில் தொடங்கியது. இரண்டுமே பயனுள்ளவை. ஆனால் இரண்டுமே கையில் பத்திரம் வைத்திருப்பவருக்கானவை. ஒத்திப் பணம் புரட்டி மூன்று ஆண்டுக்கொருமுறை ஜெய்ஹிந்துபுரத்துக்கும் வில்லாபுரத்துக்கும் இடையே தட்டுமுட்டுச் சாமான்களோடு மாறிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு இவற்றால் எதுவும் நேரவில்லை.

நகரத்தின் நடுவே இடம் எங்கே இருக்கிறது என்று கேட்கப்படும். மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டடம் எழும்பக் கூடாது என்ற கட்டுப்பாடு சரியானதே. கோபுரத்தை மறைத்து வீடு கட்டச் சொல்ல எவருக்கும் மனம் வராது. அதனாலேயே அதற்கு அடுத்த வளையத்தில் உள்ள பொது நிலங்களின் அருமை கூடுகிறது. அவற்றில் முதன்மையானது அரசரடியில் உள்ள மத்தியச் சிறை வளாகம். 1865 முதல் இருந்துவரும் அந்தச் சிறையை நகருக்கு வெளியே மாற்ற அரசு முடிவெடுத்திருக்கிறது. அது காலியானால், ரயில் நிலையத்திலிருந்து எட்டும் தொலைவில் இவ்வளவு பெரிய பொது நிலம் மதுரைக்கு இனி ஒருபோதும் கிடைக்காது. வணிக வளாகம், வாகன நிறுத்தம், பூங்கா என்று யோசனைகள் வரிசையில் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் பின்னால் பேச ஆள் இருப்பார்கள். சிறை இடம் மாறுவதற்கு முன்பே, அந்த நிலத்தின் குடியிருப்புப் பகுதியில் பாதியாவது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் வாடகைக் குடியிருப்புகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று மதுரை மாமன்றம் தீர்மானம் நிறைவேற்றி, புதிய முழுமைத் திட்டத்தில் அப்படியே குறிக்குமாறு நகர்ப்புற வளர்ச்சிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். விற்பனைக்கு அல்லாமல் வாடகைக்கு என்று சொல்வதற்குக் காரணம், அரசரடியில் சொந்தமாகக் கொடுக்கப்படும் வீடு ஐந்தாறு ஆண்டுகளில் பொது அதிகாரப் பத்திரத்தின் வழியாகக் கைமாறிவிடும் என்பதை அத்தகைய பத்திரங்களைப் பார்த்துப் பழகிய நான் அறிவேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பத்திர எழுத்தர்,
வில்லாபுரம், மதுரை.