ஃபேன் கவரைக் கழட்டிப் பார்த்தியா கண்ணு

ஹாமில்டன், நியூசிலாந்து
2025 மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். நீங்கள், அம்மா, அப்பாத்தா எல்லோரும் நலமாக இருக்க சிவன்மலை ஆண்டவர் துணையிருக்கட்டும்.

போன வாரம் போனில் வண்டிக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். இங்கே இரவு பத்து மணி என்றால் அங்கே மதியம் இரண்டரை. நம் மோட்டார் வைண்டிங் கடையில் லேத் ஓடிக்கொண்டிருந்தது. "பேட்டரியா, மோட்டாரா, எது போச்சு?" என்று நீங்கள் நான்கு முறை கேட்டீர்கள். அப்புறம் அம்மா போனை வாங்கி, "நடு மலையில புள்ளையோட நின்னுட்டீங்களாமா" என்று அழுதுவிட்டாள். அதனால்தான் நடந்ததை முழுசாக எழுதுகிறேன். தம்பி பிரிண்ட் எடுத்துக் கொடுப்பான். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

வண்டி வாங்காமல் இருக்க முடியவில்லை அப்பா. நான் வேலை பார்க்கும் பால் பரிசோதனைக் கூடம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அந்த வழியில் பஸ் கிடையாது. இந்த வைக்காட்டோ பகுதி முழுக்க மாட்டுப் பண்ணையம்தான். திமிலே இல்லாத மாடுகளைப் பார்த்து, "அப்புச்சி ஊரு மாட்டுக்கு இருக்கிற மலை இதுக்கு ஏன் இல்லை?" என்று பாப்பா கேட்டாள்.

இந்த நாட்டில் ஓடும் கார்களில் நிறைய ஜப்பானில் சில வருடங்கள் ஓடிய பிறகு கப்பலில் வந்தவை. அங்கேயும் இங்கேயும் நம்மூர் மாதிரி இடது பக்கம் ஓட்டுவதால் ஸ்டியரிங்கை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் வண்டி 2012-இல் செய்த ஹைப்ரிட். 98,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. போன நவம்பரில் வாங்கினோம். திரையில் எழுத்தெல்லாம் ஜப்பானிய மொழி. ஜப்பானில் எஃப்.எம். 76-இலிருந்து ஆரம்பிப்பதால், இந்த ஊர் ரேடியோவில் 90-க்கு மேலே எதுவும் வண்டியில் கேட்காது. காலையில் பட்டனை அழுத்தியதும் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். வணக்கம் சொல்கிறாள் என்று நினைத்து பாப்பாவும் தினமும் பதிலுக்குக் கைகூப்பி வணக்கம் வைப்பாள். சுங்கச் சாவடி அட்டை செருகப்படவில்லை என்பதுதான் அந்தக் குரல் சொல்வது என்று பிறகு தெரிந்தது. பாப்பாவிடம் அதைச் சொல்லவில்லை.

ஹைப்ரிட் எப்படி ஓடுகிறது என்று கேட்டீர்களே, அதை உங்களுக்குச் சொல்வது எனக்கு எளிது. இதில் பெட்ரோல் இஞ்சினும் உண்டு, மோட்டாரும் உண்டு. மோட்டார் மூன்று ஃபேஸ்தான். பேட்டரியில் இருப்பது டி.சி., 144 வோல்ட். அதை இன்வெர்ட்டர் 500 வோல்ட்டுக்கு மேல் ஏற்றி, மூன்று ஃபேஸ் ஏ.சி.யாக மாற்றிக் கொடுக்கிறது. மில்லில் டிரைவ் வைத்து மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைப்பார்களே, அதே வேலைதான். ரோட்டரில் நிலைக் காந்தம் பதித்திருக்கிறார்கள். சிக்னலில் நின்றால் இஞ்சின் அணைந்துவிடும். கிளம்பும்போது மோட்டார் மட்டும் சத்தமில்லாமல் இழுக்கும். பிரேக்கில் கால் வைத்தால் சக்கரம் மோட்டாரைச் சுற்றி, மோட்டார் கரண்ட் தயாரிக்கும். அப்பாருவின் ராலே சைக்கிளில் டைனமோவை டயரோடு ஒட்டிவிட்டால் மிதிக்கக் கனமாகிவிடும், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கனம்தான் இதில் பிரேக். ஆனால் அந்தக் கரண்ட் வீணாகாமல் பேட்டரிக்குப் போகிறது. இப்போது லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கிறது.

வாங்கிய மூன்றாவது வாரம் முதல் தொல்லை. காலையில் பட்டனை அழுத்தினால் விளக்குகள் மங்கலாக மினுக்கி அணைந்தன. கதவுப் பூட்டுகூடச் சரியாகத் திறக்கவில்லை. அவ்வளவு பெரிய பேட்டரி இருந்தும் ஏன் கிளம்பவில்லை என்று திகைத்துவிட்டோம். இதில் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் தனியாக இருக்கிறது, பின் சீட்டுக்கு அடியில். கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியின் ரிலேயைச் சேர்ப்பதும் அந்தச் சின்னதுதான். அது இறங்கிவிட்டால் பெரியது நிறைய இருந்தும் பயனில்லை. ஸ்டார்ட்டர் பேனலில் கண்ட்ரோல் ஃபியூஸ் போனால் நல்ல மோட்டாரும் சும்மா கிடக்கும் என்பீர்களே, அதே கதை. பக்கத்து வீட்டுக்காரர் கேபிள் கொண்டு வந்து, பானட்டுக்குள் இதற்கென்றே இருக்கும் முனையில் கொடுத்ததும் உயிர் வந்தது. அன்றைக்கே புதிது மாற்றிவிட்டோம். தொல்லை அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பொங்கல் முடிந்த அடுத்த சனிக்கிழமை, டௌரங்காவில் இருக்கும் திருப்பூர்க்காரர்கள் வீட்டுக்குக் கிளம்பினோம். நடுவில் கைமாய் மலைத்தொடர். திம்பம் மாதிரி 27 கொண்டை ஊசி வளைவெல்லாம் இல்லை, ஆனால் நீளமான ஏற்றம். இங்கே தை மாதம் கோடை. நாங்கள் மூவர், நண்பர்கள் இருவர், பின்னால் பாத்திரங்கள், போர்வை மூட்டை. ஏற்றத்தின் பாதியில் பின் சீட்டுக்குக் கீழிருந்து ஃபேன் சத்தம் பெரிதாகக் கேட்டது. ரோட்டின் இரைச்சல் என்று விட்டுவிட்டேன். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அப்போதே நிறுத்தச் சொல்லியிருப்பீர்கள். சிறிது நேரத்தில் சிவப்பு முக்கோணம் எரிந்தது, திரையில் ஜப்பானிய எழுத்து ஓடியது, வண்டி இழுக்க மாட்டேன் என்றது. ஓரமாக ஒதுக்கி, செல்போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தால், ஹைப்ரிட் அமைப்பைச் சோதிக்கவும் என்று வந்தது. அம்மாவிடம் சொல்லுங்கள், இருட்டுக்குள் நிற்கவில்லை, மதியம் மூன்று மணி. வெளியே தடுப்புக்கு அந்தப் பக்கம் பாப்பாவை உட்கார வைத்து முறுக்கு கொடுத்தோம். ஒரு மணி நேரத்தில் இழுவை வண்டி வந்துவிட்டது.

மெக்கானிக் நல்ல மனிதர். பிஜித் தீவில் பிறந்தவர். 1903-க்குப் பிறகு மெட்ராஸிலிருந்து கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வழிவந்த குடும்பம். தமிழில் அவருக்குத் தெரிந்தது பத்து வார்த்தை இருக்கும். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்துவிட்டு, பேட்டரி அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது, பேட்டரி மாற்ற வேண்டியிருக்கலாம் என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்போது நம் கடைதான் ஞாபகம் வந்தது அப்பா. அரிசி ஆலையிலிருந்தோ எண்ணெய் ஆலையிலிருந்தோ யார் மோட்டார் எரிந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தாலும், இன்சுலேஷன் சோதிக்க மெக்கர் எடுக்கும் முன்னாலேயே நீங்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபேன் கவரைக் கழட்டிப் பார்த்தீங்களா?" என்பதுதான். கழட்டினால் உள்ளே தவிடு அப்பிக் கிடக்கும். காற்றுப் போகிற வழி அடைத்தால் எந்த மோட்டாரும் வேகும் என்பீர்கள். நான் பரீட்சைக்குப் பயந்து காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட, "ஜன்னலைத் திற கண்ணு, காத்து வரட்டும்" என்றவர்தானே நீங்கள்.

"இந்தப் பேட்டரிக்குக் குளிர்ச்சி எப்படிக் கிடைக்கிறது?" என்று அவரிடம் கேட்டேன். பின் சீட்டின் கீழ் ஓரத்தில் ஒரு சின்னச் சல்லடை. வண்டிக்குள் இருக்கும் காற்றை ஒரு ஃபேன் அதன் வழியாக இழுத்து பேட்டரிக்குள் அனுப்புகிறது. அந்தச் சல்லடையை மறைத்து எங்கள் போர்வை மூட்டை. சல்லடையைக் கழட்டி ஃபேனை வெளியே எடுத்தால், இறக்கை முழுக்க நாய் முடி, கம்பளிபோலத் திரண்டிருந்தது. முன்னால் வைத்திருந்தவர் நாயை வண்டியில் ஏற்றிப் பழகியவர் போலும். மெக்கானிக் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். காங்கேயத்தில் என் அப்பா மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார் என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

சுத்தம் செய்ததும் மூன்று வாரம் அந்தச் சிவப்பு முக்கோணம் எரியவில்லை. ஆனால் எத்தனை மாதம் சூட்டிலேயே ஓடியதோ, சேதம் ஏற்கெனவே ஆகியிருந்தது. பிப்ரவரி நடுவில் மறுபடி எரிந்தது. பெரிய பேட்டரியின் பெட்டிக்குள் சின்னச் சின்னப் பேட்டரிகளாக 20 கட்டைகள். ஒவ்வொன்றும் 7.2 வோல்ட், எல்லாம் தொடரிணைப்பு. ஒரு கட்டை மட்டும் ஏற்றத்தில் படக்கென்று வோல்ட் இறங்குகிறது என்று கம்ப்யூட்டர் காட்டியது. பெட்டியைத் திறக்கும் முன் விற்றவரிடம் சொல்லிவிடு, சரிசெய்ய முதல் வாய்ப்பு அவருக்குத்தான் தர வேண்டும் என்று மெக்கானிக்கே சொன்னார்.

விற்றவர் முதலில், பழைய வண்டி, பேட்டரிக்குப் பொறுப்பில்லை என்றார். இந்த நாட்டில் 1993-ஆம் வருடத்து நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் ஒன்று இருக்கிறது. வியாபாரியிடம் வாங்கிய பழைய பொருளுக்கும் அது செல்லும். அதன் வயதுக்கும் கொடுத்த விலைக்கும் ஏற்ற தரம் இருக்க வேண்டும். உங்கள் மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்து, வாங்கிய தேதி, ஓடிய கிலோமீட்டர், சோதனைத் தாள், நாய் முடிப் படம் எல்லாம் வைத்து மரியாதையாக ஒரு கடிதம் எழுதினோம். குரலை உயர்த்தவே இல்லை. அதன் பிறகு இறங்கி வந்தார், ஒரு கட்டையை மட்டும் பழையது வாங்கி மாற்றித் தருகிறேன் என்று.

போன வாரம் உங்களுக்குப் போன் செய்தது அன்றைக்குத்தான். பேட்டரி என்று காதில் விழுந்ததும் நீங்கள் யோசிக்கவே இல்லை. "எரிஞ்ச மோட்டார்ல ஒரு காயிலை மட்டும் கட்டினா நிக்காது கண்ணு. மீதியும் அதே சூட்டைத் தின்னதுதான். கட்டினா முழுசாக் கட்டு." மெக்கானிக் சொன்னதும் அதேதான். ஒன்றை மாற்றினால் அடுத்த பலவீனமான கட்டை முன்னால் வரும், வருடம் முழுக்கப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கடைசியில் புதுப் பேட்டரிக்கு 2,700 டாலர் ஆனது. விற்றவர் 1,800 கொடுத்தார், நாங்கள் 900 போட்டோம். முழுவதும் அவரே தந்திருக்க வேண்டும் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் வேலைக்குப் போக வண்டி வேண்டும், சரி என்று ஒத்துக்கொண்டோம்.

மாற்றும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஆரஞ்சு நிறக் கம்பி எதையும் வெறும் கையால் தொடக்கூடாது. பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தேங்கிய கரண்ட் இறங்கப் பத்து நிமிடம் காத்திருந்து, ரப்பர் கையுறை போட்டுத்தான் திறந்தார். கட்டைகளை இணைக்கும் செப்புத் தகடுகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. நம் கடைப் பரணில் கிடக்கும் பழைய டெர்மினல்கள் மாதிரியே இருந்தது.

தம்பி கோயமுத்தூரில் பழைய ஹைப்ரிட் பார்க்கப் போகிறானாம். அவனிடம் சொல்லுங்கள், பெயின்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் பின் சீட்டுப் பக்கம் குனிந்து அந்தச் சல்லடையைப் பார்க்கட்டும். கம்ப்யூட்டர் செருகி ஒவ்வொரு கட்டையின் வோல்ட்டையும் ஓட்டிக்கொண்டே பார்க்கும் ஆளைக் கூட்டிப் போகட்டும். பத்து நிமிடம் தெருவைச் சுற்றினால் போதாது, ஒரு ஏற்றம் ஏற்றிப் பார்க்க வேண்டும். இங்கே தகுதிச் சான்றிதழில் பிரேக், டயர், விளக்கு, துரு எல்லாம் பார்ப்பார்கள், இஞ்சினையும் பேட்டரியையும் பார்ப்பதில்லை. அந்தச் சான்றிதழை நம்பி, சோதனைக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை நான் மிச்சம் பிடித்தேன். அவன் அதைச் செய்ய வேண்டாம்.

நேற்று அதே கைமாய் மலையில் ஏறி இறங்கினோம். இறக்கத்தில் பேட்டரி நிரம்புவதைப் பாப்பா திரையில் எண்ணிக்கொண்டே வந்தாள். ஃபேன் சத்தமே இல்லை.

உங்கள் கண் ஆபரேஷன் தேதி வைத்தாயிற்றா? மெல்லிசுக் கம்பி வேலையை அதுவரை தம்பியிடம் விடுங்கள். செவலைப் பசு கன்று போட்டதா என்று அம்மா சொல்லவே இல்லை. டிசம்பரில் நீங்கள் இருவரும் வரும்போது நெய், விதை, தேன் எதையும் கட்ட வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் சொல்லாமல் கொண்டு வந்தால் 400 டாலர் அபராதம். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வைண்டிங்கில் தூசி தட்ட நீங்கள் வைத்திருக்கும் அந்தச் சின்னப் பிரஷில் ஒன்று, கழுவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். இங்கே வாங்கியது முடி கொட்டுகிறது.

உங்கள் அன்பு மகள்