குனியாமல் எடுத்த சார்ஜர்

தக்கலை,
ஞாயிறு

மக்களே,

அம்மை அனுப்பின ஏத்தங்காய் சிப்ஸ் நொறுங்காம வந்து சேந்துன்னு சொன்ன. சந்தோஷம். இங்க மழை விட்டபாடில்ல. மரச்சீனி புடுங்கியாச்சு. மத்த விசேஷம் எல்லாம் அம்மை போன்ல சொல்லுவா.

குடோன்ல பிக்கிங் (தட்டுலேருந்து சரக்கு எடுக்குறது), பேக்கிங் ரெண்டுக்கும் உன்னைப் போடுகானுவன்னு கேள்விப்பட்டேன். ஒரு வருஷத்துல அது பெரிய காரியம்தான். ஆனா ஒண்ணு. பெட்டியைத் தூக்குறதுக்கு முன்ன காலால லேசா தள்ளிப் பாரு. நகரலைன்னா ஒத்தைக்குத் தூக்காத. அமெரிக்காவுல வேலையிடப் பாதுகாப்பை ஆராயுற நியோஷ்னு ஒரு அமைப்பு, ஒரு ஆள் தூக்க 23 கிலோதான் உச்சம்னு கணக்கு வச்சிருக்கு. அதுவும் பெட்டி உடம்போட ஒட்டி, இடுப்பு உயரத்துல, உடம்பு திரும்பாம, எப்பவாவது ஒருக்கா தூக்கினாத்தான். அடித்தட்டுல உள்ளாற கெடக்குற 12 கிலோ மாவு மூட்டை அதைவிட ஆபத்து. முதல்ல அதைத் தட்டு விளிம்புக்கு இழு. முட்டு மடக்கி, நெஞ்சோட சேத்துப் பிடிச்சு, பைய எழும்பு. டிராலிப் பக்கம் திரும்பணும்னா பாதத்தைத் திருப்பு. இடுப்பைத் திருப்பாத.

டிராலியைத் தள்ளு, இழுக்காத. கனம் அடியில இருக்கட்டு. கண் உயரத்துக்கு மேல அடுக்கினா எதுக்க சரக்கு தூக்குற வண்டி, அந்த ஃபோர்க்லிஃப்ட் வாறது தெரியாது. அதோட நீல வெளிச்சம் தரையில விழுந்தா அங்கனயே நில்லு, ஓட்டுறவன் உன்னைப் பாத்துட்டான்னு தெரிஞ்ச பொறவு கடந்து போ. மேல்தட்டுக்கு ஏணிதான், சக்கரத்துப் பூட்டைப் போட்டுட்டு ஏறு. டார்கெட் வெப்ராளத்துல ரேக்குலயே கால் வச்சு ஏறுவாளுவ. நீ ஏறாத.

பேக்கிங் மேசையில கை வெட்டுறதுதான் அதிகம். கட்டர்ல மொண்ணை பிளேடு வச்சு வெட்டாத. மொண்ணைன்னா அழுத்துவ, அழுத்துனா வழுக்கும். பிளேடு போற வழியில இடது கை இருக்கப்படாது. பிளாஸ்டிக் பட்டையை அறுக்கும்போது நேர் எதுக்க நிக்காத, கண்ணுல தெறிக்கும். கண்ணாடி போட்டுக்கோ. அட்டைப் பெட்டியோட அடி மடலை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகிட்டு டேப் ஒட்டாம விடுறது சோம்பேறி வேலை, தூக்குனதும் பிளந்து கால் மேல விழும். நடு இணைப்புலயும் ரெண்டு ஓரத்துலயும் ஒட்டு. மூடின பெட்டியை ஆட்டினா உள்ள சத்தம் வரப்படாது. மார்த்தாண்டம் தேன் பாட்டிலுக்கு அம்மை செய்யுற மாதிரி மூடியைச் சுத்தி டேப், ஜிப் கவர், அதுக்குப் பொறவு காகிதம். பவர் பேங்க் உப்பியிருந்தா அமுக்கிப் பாக்காத, தனியா விட்டுட்டு சூப்பர்வைசரைக் கூப்பிடு.

திரும்பவும் சொல்லுகேன், இடுப்பைத் திருப்பாத. சொன்னா நீ எங்க கேப்ப?

போன வாரம் வீடியோவுல சார்ஜர் கீழ விழுந்தப்ப நீ குனியல. கால் விரலால இடுக்கி எடுத்த. நான் ஒண்ணும் கேக்கல.

வேலையில அடிபட்டா அன்னைக்கே ஆக்சிடென்ட் புக்குல எழுதச் சொல்லணும். மறுநாள் சொன்னா வீட்டுல விழுந்திருப்பன்னுதான் சொல்லுவானுவ. இ.எஸ்.ஐ.ல, அதான் தொழிலாளர் காப்பீட்டுல, வேலைக் காயம்னு பதிஞ்சு மூணு நாளாவது வேலைக்குப் போவ முடியலைன்னா, சம்பளத்துல 90 சதவீதம் கிடைக்கும். வெறும் சுகக்கேடுன்னு எழுதினா 70தான். சொன்னதுக்கு வேலை போவும்னு பயப்படாத.

பயப்படாதன்னு எழுதிட்டேன். துபாய் குடோன்ல எனக்கு இடுப்பு பிடிச்சப்ப நான் ஒருத்தன்கிட்டயும் சொல்லல. மாத்திரையைப் போட்டு எட்டு மாசம் ஓட்டினேன். கான்ட்ராக்ட் முடிஞ்சதுன்னு நான் ஊருக்கு வந்தது பொய், மக்களே. அதுக்கு முந்தின லீவுல நீ தூக்கச் சொல்லி கையை நீட்டின. பெரிய பிள்ளை ஆயிட்டியேன்னு சொல்லி நான் ஒதுங்கிட்டேன். அப்ப உனக்கு நாலு வயசு.

சனிக்கிழமை கூப்பிடும்போது போனை மேசையில சாய்ச்சு வச்சிட்டு, எழும்பி கொஞ்சம் நடந்து காட்டு. அம்மை அடுக்களையில நிக்குற நேரமாப் பாத்துக் கூப்பிடு.

அப்பா