எல்லாருக்கும் நாலு லிட்டரா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ் கோடை டிப்ஸ்ல "தாகம் இல்லன்னாலும் எல்லாரும் தினம் நாலு லிட்டர் தண்ணி குடிச்சே ஆகணும்"னு போட்டிருந்தீங்க. அந்த "எல்லாரும்" தான் சார் இடிக்குது.

ரத்தத்துல தண்ணியும் உப்பும் சரியா இருக்கான்னு பாத்துக்கவே மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு இடம் இருக்கு, உப்போட செறிவு ஒண்ணு ரெண்டு பர்சென்ட் ஏறினாலே அதுக்குத் தெரிஞ்சிடும், உடனே தாகத்தக் கிளப்பும், கூடவே பிட்யூட்டரி சுரப்பி வழியா ஏடிஹெச்ங்கிற ஹார்மோன விடும், அது கிட்னிக்குப் போய் தண்ணிய வெளிய விடாம ரத்தத்துக்கே திருப்பிடும். வெயில்ல அலைஞ்சுட்டு வந்தா யூரின் கொஞ்சமா, மஞ்சளா போறது இதனாலதான். தண்ணி ஜாஸ்தியானா ஹார்மோன் குறையும், யூரின் நிறமே இல்லாம நிறையப் போகும். கிட்னி ஒரு நாளைக்கு ரத்தத்துலேர்ந்து சுமார் 180 லிட்டர் நீர வடிகட்டி அதுல ஒண்ணரை ரெண்டு லிட்டரத்தான் வெளிய தள்ளுது. இவ்ளோ கறாரா உள்ள கணக்கு நடக்குறப்போ, மணிக்கணக்கு கோடு போட்ட பாட்டில வாங்கி வெச்சுக்கிட்டு வம்பா குடிக்கிறாங்க (ஆஃபீஸ்ல பாதி பேர் கையில அதான்).

தண்ணி அளவுக்கு மேல போனா ரத்தத்துல சோடியம் நீர்த்துடும். லேப் ரிப்போர்ட்ல 135லேர்ந்து 145 வரை இருக்க வேண்டியது ரொம்ப இறங்கிட்டா மூளை வீங்கும், குழப்பம், வாந்தி, ஃபிட்ஸ் வரைக்கும் போகும். 2002 பாஸ்டன் மாரத்தான்ல 488 பேரோட ரத்தத்த டெஸ்ட் பண்ணதுல 13 பர்சென்ட் பேருக்கு சோடியம் கம்மி, அதுவும் ஓடி முடிச்சப்போ எடை ஏறியிருந்தவங்களுக்குத்தான் (அதாவது வேர்த்தத விட நிறைய குடிச்சவங்களுக்கு) அதிகமா இருந்துச்சு. நல்லா ஓடுற ஆளுங்களுக்கே இப்டின்னா, பிபிக்கு நீர் மாத்திரை (அதுவே சோடியத்த இறக்கலாம்) போடுற பெரியவங்க நிலைமை? உங்க பத்திரிகைய வரி விடாம படிக்கிறதே அவங்கதான்.

தாகத்த மட்டும் நம்புங்கன்னும் நான் சொல்லல. வயசானா தாகமே மந்தமாயிடும், அவங்களுக்கு ஞாபகப்படுத்தித்தான் குடிக்க வைக்கணும். கிட்னில கல்லு இருக்கறவங்க நிறைய குடிக்கணும், வெயில்ல சித்தாள் வேலை பாக்குறவங்களுக்கு நாலு லிட்டரே பத்தாம போகலாம், வேர்வைல போற உப்பும் சேத்து உள்ள போகணும், மோர்ல உப்பு போட்டுக் குடிக்கிறது சும்மா இல்ல. ஆனா ஹார்ட் ஃபெயிலியர் பேஷன்ட், டயாலிசிஸ்ல இருக்கறவங்க டாக்டர் சொன்ன அளவத் தாண்டினா மூச்சுத்திணறல்ல கொண்டு போய் விட்டுடும்.

அடுத்த இதழ்ல இதுக்கு ஒரு திருத்தம் போடுங்க, முடிஞ்சா ஒரு கிட்னி டாக்டர்கிட்டயே எழுதி வாங்குங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி