சீதை வேஷம் போடப் போற பெரியவனுக்கு

அன்பு பெரியவனுக்கு,

நைனா எழுதறேன். நேத்து பேசிக்கினு இருக்கும்போதே லைன் கட் ஆயிடுச்சு, அப்பால எத்தன வாட்டி போட்டாலும் சுவிட்ச் ஆஃப்னே வருது, அதனால வாட்ஸ்அப்லயே டைப் பண்ணி வுட்டுடறேன், எப்ப கீழ எறங்கி வந்து சிக்னல் கெடைக்குதோ அப்ப பாரு. படா கானா, அதான் யூனிட்ல எல்லாரும் சேந்து சாப்புடற விருந்து, அன்னிக்கு நடக்கற ராம்லீலா நாடகத்துல உன்ன சீதையா போட்டுட்டாங்க, மீசைய எடுக்க சொல்றாங்க, பசங்க இப்பவே மேடம் மேடம்னு ஓட்டறானுங்க, சுபேதார் சாப் கிட்ட சொல்லி வேற ஆள மாத்திக்கட்டுமான்னு கேட்ட. மாத்தாத. நீயே போடு.

ஏன்னு சொல்றேன் கேளு. மகாபாரதத்துல சகுனியா வந்தாரே கூஃபி பெயின்டல், ஒத்தக் கண்ண இடுக்கிக்கினு விந்தி விந்தி நடந்து வந்து பகடைய உருட்டுவாரே, லாக்டவுன்ல திரும்ப போட்டப்ப நீயும் தங்கச்சியும் கூட உக்காந்து பாத்தீங்க. அவரு 2023 ஜூன் 5 மும்பைல எறந்துட்டாரு. அன்னிக்கு எல்லா சேனல்லயும் சகுனி மாமா போயிட்டாருன்னு தான் ஓட்டினாங்க, ஆனா எனக்கு மனசுல நின்னது வேற சங்கதி. அந்தாளு நம்ம சாதி, அதாவது பட்டாளத்து சாதி. 1962ல சீனாகாரன் சண்டைக்கு வந்தப்ப எஞ்சினியரிங் காலேஜ்ல படிச்சிக்கினு இருந்தாரு, சண்ட நடக்கும்போதே காலேஜுக்குள்ள வந்து ஆள் எடுத்தாங்க, இவரு சேந்துட்டாரு. ஆர்ட்டிலரி, அதாவது பீரங்கிப் படை. மொத போஸ்டிங்கே சீனா பார்டர். அந்த சண்டைல நம்ம ஆளுங்களுக்கு குளிருக்கு சரியான கோட்டும் இல்ல பூட்சும் இல்ல, அதெல்லாம் நீ ட்ரெயினிங்லயே படிச்சிருப்ப.

அங்க டிவியும் கெடையாது ரேடியோவும் கெடையாது, பொழுது போகணுமேன்னு ஜவானுங்களே ராம்லீலா போட்டாங்க. அதுல இவருக்கு இன்னா வேஷம் தெரியுமா? சீதை! ராவணன் ஸ்கூட்டர்ல வந்து இவர தூக்கி வெச்சிக்கினு போவானாம். புஷ்பக விமானத்துக்கு பதிலா ஸ்கூட்டரு, நெனச்சிப் பாரு. நடிப்புல ஆசை இருந்துச்சு, அங்க தான் கொஞ்சம் ட்ரெயினிங் கெடைச்சுதுன்னு அவரே பேட்டில சொல்லியிருக்காரு. அப்பால மும்பைக்கு போய், 1988ல மகாபாரதம் எடுக்கும்போது மத்த வேஷத்துக்கெல்லாம் ஆள் பாத்து பொறுக்கற வேலையும் அவருதான் செஞ்சாரு. நாடே திட்டின சகுனிக்கு மொத ஒத்திகை பார்டர்ல சீதை வேஷத்துல நடந்திருக்கு. அந்த மனுஷன் மீசையப் பத்தி கவலப்பட்டிருந்தா நமக்கு சகுனியே கெடைச்சிருக்க மாட்டான்.

அந்த சீரியல் வந்தப்ப நான் சர்வீஸ்ல இருந்தேன். ஞாயித்துக்கெழம காலைல ரெக்ரியேஷன் ரூம்ல இருக்கற ஒரே டிவி முன்னாடி எல்லாரும் தரைல உக்காந்துக்குவோம், ஹிந்தி அரைகொறையா தெரிஞ்ச நம்ம தம்பிங்க கூட வாயத் தொறக்க மாட்டானுங்க, கதை தான் கூத்துலயே பாத்து பாத்து மனப்பாடம் ஆச்சே. பஞ்சாபி ஹவில்தார் ஒருத்தரு சகுனி வந்தாலே கெட்ட வார்த்தைல திட்டுவாரு, நல்லா நடிக்கறான்னு அதுக்கு அர்த்தம்.

அந்த ஹவில்தாருக்கு நான் உங்க தாத்தா கதைய சொன்னேன். உனக்கும் தெரியும், ஆனா பாதி தான் தெரியும். தாத்தா தெருக்கூத்துல திரௌபதி வேஷக்காரரு. பகல்ல ஏர் ஓட்டற ஆளு, தோளு ரெண்டும் காப்பு காச்சி கெடக்கும். திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழா வந்துட்டா மத்தியானமே மீசைய வழிச்சிட்டு வந்து உக்காந்துக்குவாரு, மூஞ்சிக்கு தேங்காண்ணெ தடவி அரிதாரம் பூசி, கண்ணுக்கு மை இழுத்து, சவுரி முடி வெச்சி கட்டி, உங்க ஆயாவோட கூறைப்புடவைய கட்டிக்கினு எழுந்தா எனக்கே யாரோ மாதிரி இருக்கும், கிட்ட போக பயமா இருக்கும். பகடைத் துகில் கூத்து, அதான் திரௌபதி புடவைய உருவற கட்டம், அன்னிக்கு தான் பாக்கணும். துச்சாதனன் வேஷக்காரரு புடவைய தொடறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தி, தாயே இது வேஷம் தான், மன்னிச்சிடுன்னு கும்புட்டுட்டு தான் கைய வெப்பாரு. முகவீணை அழும், பொம்பளைங்க அழுவாங்க. மத்தியானம் டீக்கடைல இன்னாடி பாஞ்சாலின்னு கிண்டல் பண்ண அதே ஆளு விடிகால நாலு மணிக்கு தாத்தா கால்ல வுழுந்து விபூதி வாங்குவான். எங்கண்ணால பாத்திருக்கேன் டா. உன்ன மேடம்னு கூப்பிடறவனையும் அப்படி வாய மூட வெக்கற வழி ஒண்ணே ஒண்ணு தான், நல்லா நடிக்கறது. சிவாஜி கூட சின்ன வயசுல நாடகக் கம்பெனில சேந்து மொத போட்ட வேஷம் சீதை தான்.

சண்ட சமயத்துல ஆட்டம் பாட்டம்னா ஏதோ வேல இல்லாதவன் பண்றதுன்னு சிவிலியனுங்க நெனைக்கறாங்க. 1962ல எம்.ஜி.ஆரு யுத்த நிதிக்கு 75,000 ரூபா குடுத்தாரு, 1965ல சாவித்திரி போட்டிருந்த நகைய கழட்டி சாஸ்திரி கிட்ட குடுத்துச்சு, அதெல்லாம் பெரிய விஷயம் தான், ஆனா துட்டு மட்டும் குடுக்காம நேர்லயே போனாங்க பாரு, அத தான் நான் ஒசத்தியா சொல்வேன். 1965ல சிவாஜி, கண்ணதாசன், எம்.எஸ்.வி எல்லாம் ஜவானுங்கள பாக்க வடக்க போய் பாடி ஆடிட்டு வந்தாங்க. ஹிந்தி நடிகருங்க சுனில் தத்தும் நர்கீஸும் அஜந்தா ஆர்ட்ஸ்னு ஒரு ட்ரூப்பே வெச்சிக்கினு பார்டர் பார்டரா போனாங்க, 1971ல பங்களாதேஷுக்கு விடுதலை கெடைச்ச ஒடனே டாக்காவுக்கே போய் ப்ரோக்ராம் பண்ணாங்க. வெள்ளைக்காரன்லயும் வேரா லின்னு ஒரு பாடகி 1944ல பர்மா காட்டுக்கே வந்து பாடிச்சு, அந்தம்மா 103 வயசு வரைக்கும் இருந்துட்டு 2020ல தான் போச்சு. அந்த பர்மா சண்டைல நம்ம மெட்ராஸ் சேப்பர்ஸும், அதான் பட்டாளத்து எஞ்சினியர் படை, இருந்தாங்க, ஆனா நம்மாளுக்கு யாரு வந்து தமிழ்ல பாடினாங்கன்னு கேட்டா பதில் இல்ல, அவனவனே பாடிக்கினு இருந்திருப்பான், அவ்ளோ தான்.

லாங் பஜார் மணிக்கூண்டுல கல்லு ஒண்ணு இருக்கு, ஆயிரம் வாட்டி தாண்டி போயிருப்ப, படிச்சிருக்க மாட்ட. மொத ஒலகப் போருக்கு வேலூர்லருந்து 277 பேர் போனாங்க, அதுல 14 பேர் உயிரு வுட்டாங்கன்னு எழுதியிருக்கும். அதுல எவனாவது ஒருத்தன் கூத்துக்காரனா இருந்திருப்பான் டா, எங்கியோ பதுங்கு குழில கூத்துல வர்ற கோமாளி கட்டியங்காரன் மாதிரி பேசி கூட இருந்தவன சிரிக்க வெச்சிருப்பான். அவன் பேரு எந்த கல்லுலயும் இருக்காது.

ஸ்டாருங்கள கொற சொல்லல. ஆனா அவங்க வருவாங்க, மாலை போடுவோம், போட்டோ எடுப்போம், மறுநாள் கெளம்பிடுவாங்க. ராத்திரி சென்ட்ரி டூட்டி பாத்துட்டு, காலைல ரெண்டு மணி நேரம் தூங்கிட்டு, சாயங்காலம் புடவைய கட்டிக்கினு ஆடறான் பாரு, அது வேற. அப்புறம் இன்னொண்ணு, எங்க யூனிட்ல ஒருத்தன், ஊர்ல அவங்கம்மா தவறிட்ட தந்தி வந்து, பனியால ரோடு மூடி ஊருக்கும் போக முடியாம, பேசாம கொள்ளாம கெடந்தான். படா கானா அன்னிக்கு எங்க பார்பர் பொம்பள வேஷம் போட்டுக்கினு சி.ஓ. சாப் முன்னாடியே இடுப்ப ஆட்டினப்ப தான் அவன் சிரிச்சான், சிரிச்சிக்கினே அழுதான், அப்பால தான் ஒரு தட்டு சோறு துன்னான். டாக்டரால முடியல, மதகுருவால முடியல, பார்பரால முடிஞ்சுது. உங்க மலைலயும் அப்படி எவனாவது ஒருத்தன் வாயத் தொறக்காம இருப்பான், யாருன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

சரி, வேலைக்கு வரேன். சும்மா பவுடர் அப்பிக்காத, அந்த குளிர்ல தோலு வெடிச்சிரும், மொதல்ல எண்ணெயோ வேசலினோ நல்லா தடவிட்டு மேல பூசு, கழட்டும்போதும் எண்ணெ போட்டு தொடச்சிட்டு அப்பால சுடுதண்ணி. புடவை உள்ள பெல்ட்ட இறுக்கி கட்டிக்க, இல்லன்னா மேடைலயே அவுந்துரும், அது வேற பேரு வாங்கி குடுத்துரும். நடக்கும்போது காலடி சின்னதா வெய்யி, பரேட் மாதிரி வீசி நடக்காத. கொரல கீச்சு கீச்சுன்னு மாத்தாத, தாத்தா மாத்தினதே இல்ல, மெதுவா பேசுனா போதும். வளையல் வேணும்னா சொல்லு, உங்கம்மா ரெண்டு டஜன் வாங்கி ரெடியா வெச்சிருக்கா, பார்சல்ல முறுக்கோட சேத்து அனுப்பறேன். மீசைக்கு அவ தான் ரொம்ப ஃபீல் பண்றா, பொண்ணு வூட்டுக்கு போட்டோ அனுப்பற நேரத்துலயான்னு கேக்கறா. பழைய போட்டோ அனுப்பிக்கலாம்னு சொல்லிட்டேன்.

வீடியோ எடுக்க வுடுவாங்கன்னா எடு, பர்மிஷன் இல்லன்னா வேணாம், வம்பு வேணாம்.

ஆமா, ராவணன் யாருன்னு நீ சொல்லவே இல்ல. உங்க ஒசரத்துக்கு ஸ்கூட்டரும் ஏறாது, தூக்கி தான் ஆவணும். ஒல்லிப்பிச்சான் எவனாவது மாட்டியிருந்தா முன்னாடியே நாலஞ்சு வாட்டி தூக்கச் சொல்லி பாத்துக்க, நீ இப்ப வெயிட் போட்டிருக்கன்னு தங்கச்சி சொல்றா.

நைனா