கூத்துக் கோமாளியும் பொங்கல் விழா மேடையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகைச்சுவை குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எதைச் சொன்னாலும் யாராவது ஒருவர் மனம் புண்பட்டதாகச் சொல்லிக் கிளம்பிவிடுகிறார், இப்படியே போனால் மேடையேறிச் சிரிக்க வைக்க ஒருவரும் துணியமாட்டார் என்று கட்டுரையாளர் வருந்தியிருந்தார். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால், தன்னைக் கேலி செய்துவிட்டார்கள் என்று பதவியில் இருப்பவர் கொள்ளும் கோபத்தையும், ஊர்க் கூட்டத்தின் நடுவே கேலிக்கு ஆளான ஒரு சிறுமியின் அழுகையையும் அவர் ஒரே தராசில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் ஊர் காங்கேயம் பக்கத்தில், கீழ்பவானிப் பாசனத்தின் கிளை வாய்க்கால் ஒன்றின் கடைமடையில் இருக்கிறது. பவானிசாகர் அணை 1955இல் கட்டி முடிக்கப்பட்டு, சுமார் 200 கிலோமீட்டர் நீளும் வாய்க்காலில் 2,07,000 ஏக்கருக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்கப்படுகிறது. ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுகளுக்கு மறுமுறை என்பது ஏற்பாடு. மேல்மடையில் இருப்பவர் முறை தவறி எடுத்தால் கடைமடைக்காரன் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். எனக்குப் பத்து வயது இருக்கும்போது எங்கள் பகுதியில் அப்படித்தான் நடந்தது. வாய்க்கால் கரையில் இரவு நேரத்தில் ஆயில் என்ஜின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர் ஊரில் பெரிய மனிதர். எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அந்த ஆண்டு மாரியம்மன் பொங்கலுக்கு அந்தியூர்ப் பக்கமிருந்து கூத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். அந்தப் பெரியவர் முன்வரிசையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ராஜா வேடம் கொலுவுக்கு வந்ததும், கூம்புக் குல்லாயும் கன்னத்தில் வெள்ளைப் பொட்டுகளுமாக நின்ற கோமாளி கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "ஏனுங் மகராசா, உங்க நாட்டுல மழ பேஞ்சாத்தானுங் தண்ணி? எங்கூர்ல அது வேண்டாமுங். ராத்திரியானா வாய்க்காலோரம் கருப்பா ஒரு பாம்பு வந்து படுத்துக்குமுங். அது குடிச்சுட்டு மிச்சம் வெச்சாத்தானுங் எங்களுக்கு." கறுப்பு ரப்பர் குழாயைத்தான் சொல்கிறார் என்பது எனக்கே புரிந்துவிட்டது. கூட்டம் ஒரு நொடி மூச்சடக்கி, பிறகு வெடித்துச் சிரித்தது. எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். பெரியவரும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

மறுநாளே அந்த என்ஜின் காணாமல் போய்விட்டது என்று நான் எழுதினால் அது பொய். அது அங்கேயேதான் இருந்தது. ஆனால் "பாம்பு" என்ற சொல் ஊருக்குக் கிடைத்துவிட்டது. அதுவரை அவர் பெயரைச் சொல்லத் தயங்கியவர்கள், பாசனக் கூட்டத்தில் "பாம்பு விஷயம் என்னங்க ஆச்சு?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மனுக் கொடுக்க அஞ்சிய ஊருக்கு, கேட்பதற்கு ஒரு வாய் கிடைத்தது. அரசியல் நையாண்டியால் சமுதாயத்திற்கு என்ன பயன் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கோமாளியின் முகம்தான் நினைவுக்கு வரும்.

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்களாக எள்ளல் (கேலி), இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைச் சொல்லும்போது எள்ளலையே முதலில் வைக்கிறது. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் என்னும் பழைய உரையாசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது, பிறரால் எள்ளப்பட்ட இடத்தில் தான் நகுவது என அதை இரண்டாகப் பிரிக்கிறார். இந்த இரண்டாவது நகைக்கு, சிரிப்பவரிடம் இழக்க முடியாத ஓர் இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கயிற்றுக் கட்டிலில் இருந்தவரால் சிரிக்க முடிந்தது. மறுநாளும் அவர் பெரிய மனிதர்தான்.

என் மகளால் சிரிக்க முடியவில்லை. அவள் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சிறு வயது முதல் பேச்சில் திக்கல் உண்டு. இந்த ஆண்டு பொங்கல் விளையாட்டு விழாவில் கோலப் போட்டியில் அவளுக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. நிகழ்ச்சியை நடத்த வெளியூரிலிருந்து ஒரு பல்குரல் கலைஞரை அழைத்திருந்தார்கள். பரிசு வாங்க மேடையேறியவளிடம் மைக்கை நீட்டிப் பெயர் கேட்டார். முதல் எழுத்திலேயே அவள் நின்றுவிட்டாள். அவர் அந்த எழுத்தை அவளைப் போலவே மூன்று முறை மைக்கில் சொல்லிக் காட்டினார். ஒலிப்பெட்டிக்காரர் ஏதோ சினிமாச் சிரிப்பைப் போட்டுவிட்டார். ஊரே சிரித்தது. அவளோடு படிக்கும் பிள்ளைகளும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்குப் பக்கத்தில் இருந்த என் அண்ணனும் சிரித்துவிட்டுப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். பரிசான எவர்சில்வர் தூக்குப்போசியை மேடையிலேயே விட்டுவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா அதைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். இன்னும் அதை யாரும் புழங்கவில்லை.

அந்தக் கலைஞர் கெட்டவர் அல்லர். திக்குவாய், மாறுகண், கறுத்த நிறம், பருத்த உடல், பெண் வேடமிட்ட ஆண் இவற்றைக் காட்டினால் சிரிப்பு உறுதி என்று நம் திரைப்படங்கள் பல பத்தாண்டுகளாக அவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. இதில் கொங்கு நாட்டாருக்கும் பங்கு உண்டு. உடுமலைப் பக்கத்து வல்லகுண்டாபுரத்தில் பிறந்த கவுண்டமணி, சூலூர் மணிவண்ணன், கோவை சத்யராஜ், கோவை சரளா என்று நம் மண்ணின் குசும்பைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டு சேர்த்தவர்களைப் பற்றி எனக்குப் பெருமை உண்டு. கவுண்டமணி வெட்டிப் பந்தாவையும் அரசியல்வாதியின் வேடத்தையும் கிழித்த இடங்களை இன்றும் விரும்பிப் பார்க்கிறேன். உடன் நடித்தவரின் நிறத்தையும் தலையையும் உருவத்தையும் சொல்லித் திட்டிய இடங்களுக்கும் ஒரு காலத்தில் விழுந்து விழுந்து சிரித்தவன்தான் நான். இப்போது அவை வந்தால் தொலைக்காட்சியை மாற்றிவிடுகிறேன்.

அதிகாரம் மட்டும் நையாண்டியை என்றைக்கும் விளையாட்டாக எடுத்துக்கொண்டதில்லை. வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டிக் கல்கத்தாவில் நடந்த கேலி நாடகத்திற்குப் பிறகுதான் ஆங்கில அரசு 1876இல் நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின் 1954இல் சென்னை மாநிலமும் அதே போல ஒரு சட்டம் போட்டது, எம்.ஆர். ராதாவின் நாடகங்களைத் தடுக்கவே அது வந்தது என்று அன்றைக்கே பேசப்பட்டது. அதன் முக்கியமான பிரிவுகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்வதற்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1987இல் சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கேலி செய்த ஒரே ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களில் விடுவித்தார்கள். கட்டுரையாளர் இவர்களுக்காகக் கவலைப்பட்டால் நான் அவரோடு நிற்பேன்.

தடையை நான் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகளைத் திரைப்படங்களில் காட்டும் விதம் குறித்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் அளித்த தீர்ப்பு எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. குறைபாட்டோடு வாழ்பவரைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவை வேறு, அவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு என்று நீதிபதிகள் பிரித்துச் சொன்னார்கள். வழக்குக்குள்ளான படத்துக்குத் தடை விதிக்கவில்லை. மேடைக்கு ஆள் அழைக்கும் விழாக் குழுவினர் இந்த வேறுபாட்டை முன்கூட்டியே ஒரு வார்த்தை பேசிக்கொண்டால் போதும். எங்கள் ஊரில் அடுத்த மாரியம்மன் பொங்கலுக்கு ஓர் இரவாவது கூத்து வைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். செலவு அதிகம் என்கிறார்கள், இன்னும் முடிவாகவில்லை.

தங்கள் இதழிடமும் ஒரு வேண்டுகோள். துணுக்குப் பக்கத்தில் மனைவியின் சமையலையும் மாமியாரின் உருவத்தையும் கேலி செய்யும் துணுக்குகள் வாரந்தோறும் வருகின்றன. அந்த இடத்தில் பாதியை, மதகு, ரேஷன் கடை, பத்திரப் பதிவு, சாயக்கழிவு ஓடும் நொய்யல் என்று அந்தந்த ஊர் வாசகர்கள் எழுதும் நையாண்டிக்கு ஒதுக்கலாம். எழுதுவதற்கு எங்கள் பக்கத்தில் ஆள் இருக்கிறது.

இக்கடிதத்தை மகளிடம் காட்டிய பிறகே அனுப்புகிறேன். நடந்ததை எழுதலாம், தன் பெயர் மட்டும் வேண்டாம் என்றாள். ஆகவே என் பெயரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.