இலத்தீனில் ஆறு ஆணா, பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நாம் ஆற்றைப் பெண்ணாகப் போற்ற, பண்டைய ரோமர் அதனை ஆணாகவே கருதினர் என்றும், இது இரு பண்பாடுகளின் மனப்பாங்கைக் காட்டுகிறது என்றும் தங்கள் ஞாயிறு இதழின் கட்டுரையொன்று கூறியிருந்தது. புளியந்தீவில் இலத்தீன் பூசை கேட்டு வளர்ந்து, பின்னர் அம்மொழியின் இலக்கணத்தையும் ஓரளவு கற்றவன் என்ற வகையில் இதனை மறுக்க விரும்புகிறேன்.

இலத்தீனில் ஆற்றுப் பெயர்கள் பெரும்பாலும் ஆண்பால் என்பது மெய்யே. ஆற்றைக் குறிக்கும் அம்னிஸ், ஃப்ளூவியுஸ் என்னும் பொதுச்சொற்கள் ஆண்பாலாதலால் தனிப்பெயர்களும் அவ்வழி நின்றன என்பர் இலக்கணகாரர். ஆயினும் விலக்குகள் உண்டு. கி.மு. 390 அளவில் ரோமர் கோலியர் என்னும் பண்டைய கெல்திக்கு இனத்தாரிடம் தோற்றோடிய அல்லியா ஆறு பெண்பால். இன்று பிரான்சில் மார்ன் எனப்படும் மாத்ரோனா ஆறும் பெண்பாலே. அது தாய்த்தெய்வத்தைக் குறிக்கும் கெல்திக்குப் பெயர். பிரான்சின் செயின் ஆறு ஊற்றெடுக்கும் இடத்தில் அவ்வாற்றின் பெண்தெய்வமான செக்குவானாவுக்கு ரோமர் காலத்தில் கோயில் இருந்தது. நோயுற்றோர் கை, கால், தலை என மரத்திற் செதுக்கி அங்கு நேர்த்தி செலுத்தினர். ஈரமண்ணிற் புதைந்து கெடாதிருந்த அவ்வுருவங்கள் 1963இல் பெருந்தொகையாக அகழ்ந்தெடுக்கப்பட்டன. நம்மவர் வெள்ளியிற் செய்து செலுத்துவதை அவர்கள் மரத்திற் செய்தனர், அவ்வளவுதான்.

மேலும், இப்பெயர்களிற் பல இலத்தீனில் பிறந்தவையே அல்ல. ரைன் ஆற்றின் கெல்திக்குப் பெயருக்குத் தம் மொழியின் 'உஸ்' ஈற்றைச் சேர்த்து ரேனுஸ் என்றனர். அந்த ஈற்றோடு ஆண்பாலும் ஒட்டிக்கொண்டது.

இதற்குக் கங்கையைவிடத் தெளிவான சான்று இல்லை. வடமொழியில் பெண்பாலான அப்பெயர், கிரேக்கர் வாயில் கங்கேஸ் என்றாகி, அந்த ஈற்றின் காரணமாகவே ஆண்பாலாயிற்று. இலத்தீனும் அதனை அவ்வாறே ஏற்றது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்கப் புவியியலாளர் தொலமி இலங்கையிலும் ஒரு கங்கேஸைக் குறிக்கிறார். அதனை நமது மகாவலி கங்கை என்றே ஆய்வாளர் கொள்வர். இதில் எவருடைய மனப்பாங்கும் இல்லை, சொல்லின் ஈறே உண்டு.

தமிழிலோ ஆறு அஃறிணை. காவிரியைத் தாயென்று பாடுபவரும், மார்கழி வெள்ளத்தில் முந்தனியாறு 'பெருகியது' என்பாரேயன்றிப் 'பெருகினாள்' என்று செய்தி எழுதமாட்டார். வழிபாட்டையும் இலக்கணப் பாலையும் ஒன்றாக்கி இரு பண்பாடுகளை எடைபோட்டதே அக்கட்டுரையின் வழு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.