செயலாளரின் ஆண்டறிக்கை: மின்னலும் சந்தா பாக்கியும்

நம் அமெச்சூர் ரேடியோ சங்கத்தின் மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை தபாலில் போகும். பிரிப்பார்கள் என்று நம்புகிறேன்.

இந்த ஆண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. புதியவர்களுக்கு லைசென்ஸ் தேர்வுப் பயிற்சி நடந்தது. சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் ரிப்பீட்டருக்கு பேட்டரி மாற்றினோம். களப்பயிற்சி மழையால் தள்ளிப்போய், அப்புறம் ஒருவழியாக நடந்தது.

இனி முக்கிய விஷயம். போன பொதுக்குழுவில், “80 மீட்டர் அலைவரிசையில் ஒரே கரகரப்பு, ராத்திரி நெட் (ரேடியோவில் கூடிப் பேசுவது) நடத்தவே முடியவில்லை, செயலாளர் என்ன செய்கிறார்?” என்று கேட்டார்கள். மின்னலை நிறுத்தும் அதிகாரம் செயலாளருக்கு இல்லை என்று அன்றே சொல்லியிருக்கலாம். உலகம் முழுவதும் சராசரியாக வினாடிக்கு 40-க்கும் மேற்பட்ட மின்னல்கள் வெட்டுகின்றன. ஒவ்வொன்றும் லைசென்ஸ் இல்லாத ஒரு டிரான்ஸ்மிட்டர். அதன் ரேடியோ ஆற்றல் 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பக்கம்தான் உச்சம். மேலே போகப் போகக் குறையும். ஆனாலும் 3.5 மெகாஹெர்ட்ஸில், அதாவது நம் 80 மீட்டரில், நம் பேச்சை அமுக்க மிச்சமிருப்பதே போதும். பகலில், வானில் உயரே மின்னேற்றம் கொண்ட அயனி மண்டலத்தின் அடிப்பகுதியான டி அடுக்கு தொலைதூர இரைச்சலை விழுங்கிவிடும். இருட்டியதும் அந்த அடுக்கு கரைந்துபோகும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வெட்டும் மின்னலும் நம் நெட்டுக்கு வந்துவிடும். உண்மையில் தவறாமல் வருவது அது மட்டும்தான்.

சிக்னலைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப் வாங்கலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. நான் எதிர்த்ததை இன்னும் சிலர் மனதில் வைத்திருக்கிறார்கள். இரைச்சல் வருவதும் ஆண்டெனா வழியாகத்தான். சிக்னலைப் பெருக்கினால் அதையும் சேர்த்துத்தான் பெருக்குவோம். இரைச்சல் வெடிக்கும் கணத்தில் ரிசீவரை வாயடைக்கும் நாய்ஸ் பிளாங்கர் வண்டி எஞ்சினின் பொறிக்குச் சரி. மின்னல் அப்படியில்லை, ஒரே வெட்டுக்குள் பல அடிகள் அடுத்தடுத்து வரும். அத்தனையையும் வெட்டினால் பேச்சும் போய்விடும். கடைசியில் நான் கட்டியது ஒரு சின்ன லூப், அதாவது கம்பி வளைய ஆண்டெனா. அதைத் திருப்பி அதன் செவிட்டுப் பக்கத்தை மேகம் இருக்கும் திசைக்குக் காட்டினால் இரைச்சல் கண்டிப்பாகக் குறைகிறது. நாலு பக்கமும் இடி இருந்தால் பிரயோஜனமில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இந்த இரைச்சலையே உட்கார்ந்து கேட்டால் என்ன என்று தோன்றியதில்தான், மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் வி.எல்.எஃப். ரிசீவர் பிறந்தது. “இது எதற்கு?” என்று கேட்டவர்களுக்கு ஒரு பதில். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்ல் ஜான்ஸ்கி 20.5 மெகாஹெர்ட்ஸில் இந்த இரைச்சலைத்தான் வகைபிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்து இடி, தூரத்து இடி, இரண்டிலும் சேராத ஒரு மெல்லிய சீறல். மூன்றாவது பால்வெளியிலிருந்து வந்தது என்று தெரிந்தது. ரேடியோ வானியல் அங்கேதான் ஆரம்பித்தது.

இயர்போனை மாட்டினால் முதலில் பொரி பொரிவதுபோல் சடசடப்பு. இருட்டியபின் சில வெடிப்புகளுக்கு ‘ட்யூக்’ என்று ஒரு வால் முளைக்கும். தரைக்கும் அயனி மண்டலத்துக்கும் நடுவே குழாயில் வருவதுபோல் அலை வருகிறது, சுமார் 1.7 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி பின்தங்கிப்போவதால் அந்த வால். மின்னலின் அலை பூமியின் காந்தப்புலக் கோட்டோடு விண்வெளிக்குப் போய் மறு அரைக்கோளத்தில் இறங்கினால் கேட்பது விசில், உச்சத்தில் தொடங்கி கீழே வழுக்கும். முதல் உலகப் போரில் எதிரியின் தொலைபேசியை ஒட்டுக்கேட்டவர்களின் காதில் விழுந்த இந்த ஒலிக்கு 1953-ல்தான் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் ஸ்டோரி சரியான விளக்கம் தந்தார். அந்த விசில் எனக்கு இன்னும் சிக்கவில்லை. மின்கம்பிகளின் ஹம் இல்லாத வெட்டவெளி வேண்டும் என்பதால் நான்கு இரவுகள் அறிவித்தேன். முதல் இரவு மூன்று பேர். கடைசி இரவு நானும் என் மைத்துனரும். அவர் உறுப்பினர்கூட இல்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. மொத்தத்தில் பெரிய நஷ்டமில்லை. ரிசீவர் செலவு ‘இதர இனங்கள்’ தலைப்பில் சேர்ந்திருக்கிறது. அது ஏன் என்று கேட்க நினைப்பவர்கள், சொந்த சந்தா ரசீதை ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு எழுந்திருக்கவும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சந்தா பாக்கி. நினைவூட்டல் இரண்டு முறை போனது. “சிக்னல் கிடைக்கவில்லை” என்று ஒருவர் பதில் போட்டிருக்கிறார்.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், தேநீர் ஏற்பாடு செய்தவர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டாவது லூப் கட்ட எண்ணம். ஒரு லூப் மின்னல் இருக்கும் கோட்டை மட்டும்தான் காட்டும். தள்ளி இன்னொன்று இருந்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் இடிமேகம். ரேடாருக்கு முன்பே, 1920-களில், பின்னாளில் ரேடாரை உருவாக்கியவர்களில் ஒருவரான வாட்சன்-வாட் இந்த வழியில்தான் இடிமழையைத் தேடினார். கம்பி இருக்கிறது, மரச்சட்டம் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். அவருக்கே செயலாளர் பதவியிலும் ஆர்வம் இருந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். வரும்போது டார்ச்சும், முடிந்தால் சந்தாவும் எடுத்துவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்